அண்ணாச்சி புகை

நவம்பர் 19, ஞாயிறு

இந்த டைரி என் மர மில்லுக்காக வாங்கியது. எந்த லாரி வந்தது, என்ன தடி இறங்கியது, மழை உண்டா இல்லையா என்று எழுதி வந்த பக்கங்கள். இனி இதையும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் என் கை சும்மா இருக்காது, எதையாவது உடைக்கும்.

கனிஷ்காவைக் காணவில்லை. என் ஒரே மகள், வயது இருபத்தொன்று. வெள்ளிக்கிழமை கல்லூரி நண்பர்களோடு மலையேறப் போனாள். அனுமதி, வழிகாட்டி எல்லாம் முறையாகத்தான் இருந்திருக்கிறது. சாயங்காலம் இறங்கும்போது மூடுபனி. முன்னால் போனவர்கள் அவள் பின்னால் வருகிறாள் என்று நினைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். வனத்துறையின் கூவைப்பாறை முகாமுக்கு வந்து தலையை எண்ணியபோதுதான் ஒன்று குறைந்திருக்கிறது.

செங்கோட்டையிலிருந்து நேற்றே கிளம்பினேன். பாதையில் மண் சரிந்து கிடந்ததால் ஜீப் ஏறி வர இன்று மதியமாகிவிட்டது. நானும் வருகிறேன் என்று என் மனைவி பிரேமா அழுதாள். கூட்டி வரவில்லை.

கனியின் பை இங்கே முகாமில் இருக்கிறது. அவளுக்குக் கால் வலிக்கிறது என்று ஒரு பையன் அதை வாங்கிச் சுமந்திருக்கிறான். ஜெர்கின், லைட்டர், ரொட்டி எல்லாம் அதற்குள். அவளிடம் இருப்பது போனும் தண்ணீர் பாட்டிலும், சாவிக்கொத்தில் தொங்கும் விரல் நீள மடக்குக் கத்தியும்தான். நல்ல எண்ணத்தில் செய்த அந்தப் பையனை எனக்கு அறையவேண்டும் போலிருந்தது. அவன் அழுதுகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

மழை நிற்கவில்லை.

நவம்பர் 20, திங்கள்

மேற்குச் சரிவில் அவளுடைய சால்வை ஒரு முள்ளில் மாட்டிக் கிடந்தது. ஆட்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். என்னை விடவில்லை. ஐம்பத்தாறு வயதும் சர்க்கரையும் உள்ள ஆளைத் தூக்கி வர இன்னும் நாலு பேர் வேண்டும் என்று ரேஞ்சர் ஜெசிந்தா மேடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். சரிதான்.

அவரே மதியம் டீயோடு வந்து உட்கார்ந்தார். "சார், பசியைத் தாங்கிடலாம். தண்ணிக்கு ஓடை இருக்கு. ராத்திரி குளிரும் நனைஞ்ச துணியும்தான் எனக்கு பயம். ஒரு தீ மட்டும் மூட்ட முடிஞ்சா..."

அப்போதுதான் மொட்டைமாடி ஞாபகம் வந்தது. போன வருடம் லீவுக்கு வந்தபோது கனி வில் ஒன்று செய்தாள். வளைந்த கம்பில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றில் ஒரு கோலை ஒரு சுற்றுச் சுற்றி, கோலின் அடியில் பலகை, தலையில் ஒரு கல். கல்லை அழுத்திக்கொண்டு வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் கோல் சுழலும், பலகை சூடேறும், கங்கு விழும். "அப்பா, வந்து பாருங்களேன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, ஊர்ல ஒவ்வொருத்தன் சட்டைப் பையிலயும் லைட்டர் கெடக்கு. நீ எதுக்கு கொரங்கா மாறுத?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே என்ன மரம், எப்படிக் கயிறு என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் லாரி டிரைவரோடு போனில் கத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அன்று தீ பிடித்ததா என்று எனக்குத் தெரியாது.

இங்கே கேட் பக்கத்துப் பாறையில் ஏறினால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கிறது. பிரேமாவிடம் கேட்டேன்.

"ஒரு தடவ புடிச்சுது. என் பழைய வாயில் சேலையைத்தான கொளுத்துனா. இப்ப எதுக்கு அதக் கேக்கிய?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். முடிவு செய்துவிட்டேன். அவளிடம் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தக் காட்டில் கிடைப்பதை மட்டும் எடுத்து நான் தீ உண்டாக்கிப் பார்க்கப்போகிறேன். என்னால் முடிந்தால் அவளாலும் முடிந்திருக்கும். முடிந்திருந்தால் அவள் உயிரோடு இருக்கிறாள். கணக்கு அவ்வளவுதான்.

நவம்பர் 21, செவ்வாய்

முப்பது வருடமாக மரத்தைத் தட்டிப் பார்த்தே விலை சொல்கிறவன் நான். மரம் தேர்ந்தெடுக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முகாமின் பழைய கதவுச் சட்டத்தில் வேங்கை கிடைத்தது. அதுதான் பலகை. கோலுக்குக் கருமருது. இரண்டும் நின்று உழைக்கிற மரங்கள். வில்லுக்கு ஒரு கொய்யாக் கம்பு. கயிறு என் ஷூ லேஸ். கத்திக்கு வாட்சரிடம் ஒரு சின்ன மடக்குக் கத்தி வாங்கிக்கொண்டேன்.

வாட்சர் பெயர் மாசானம். அடிவாரத்து ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். வேட்டைக்காரர்களைத் தடுக்கும் காவல் வேலை. வயர்லெஸ்ஸைக் கவனிக்க அவரை முகாமில் விட்டிருக்கிறார்கள். ஜீப் ஷெட்டில் உட்கார்ந்து நான் வில் இழுப்பதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒங்க ஆளுக எல்லாம் முன்ன இப்பிடித்தான மூட்டிருப்பாவ?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணாச்சி? எங்க தாத்தாவே பீடிக்கு தீப்பெட்டிதான் வச்சிருந்தாரு."

கோல் கீச்சென்று கத்துகிறது. பலகையில் குழி விழவில்லை. கோல் உரசிய இடம் பாலிஷ் போட்டது மாதிரி மினுங்குகிறது. மின்னுகிற இடத்தில் சூடு நிற்காது போலிருக்கிறது. அந்தி வரைக்கும் இழுத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. மரம் அப்படியே இருக்கிறது.

முகாமுக்குப் பின்னால் மட்டி மரம் ஒன்று பட்டுப்போய் நிற்கிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். சிவகாசிக்குத் தீக்குச்சி கிழிக்கத்தான் அதை வாங்குவார்கள். என் மில் கேட்டுக்குள் அந்தத் தடியை நான் விட்டதில்லை.

நவம்பர் 22, புதன்

மழை. தேடப் போனவர்கள் பாதியில் திரும்பினார்கள். எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 23, வியாழன்

விடிந்ததும் விழிப்பு வந்தபோது கனியின் குரல் காதில் இருந்தது. மொட்டைமாடியில் சொன்ன வார்த்தை. "அப்பா, குழிக்குப் பக்கத்துல ஒரு வெட்டு வேணும், பீட்சா துண்டு மாதிரி. தூள் அதுல போயி சேரணும். வெட்டு இல்லாட்டி எம்புட்டு இழுத்தாலும் புகைதான்." ஒரு காதில் கேட்டது ஒரு வருடம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. இன்னும் என்னென்ன சொன்னாளோ. மரத்தைப் பற்றியும் சொன்னாள். அது மட்டும் வரமாட்டேன் என்கிறது. டிரைவர் ஏதோ டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தான், அதுதான் ஞாபகம் வருகிறது.

வேங்கையை விட்டுவிட்டேன். வெண்தேக்கு ஒன்று கிடைத்தது, கொஞ்சம் லேசான மரம். வெட்டுப் போட்டேன். ஷெட்டில் கூரைக்குக் கீழே இழுப்பது ஏமாற்று வேலை என்று தோன்றியதால், சாமான்களைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடைக்கரைக்குப் போனேன். அவள் எங்கே இருந்தாலும் ஈரத்தில்தான் இருப்பாள். ஓடை புரண்டு ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிற மாசானம் பேசுவதே கேட்கவில்லை.

நார் உரித்துப் பார்த்தேன், எல்லாம் ஈரம். காய்ந்த பொருள் என்று இந்தக் காட்டில் ஒன்றும் இல்லை. அவளுக்கும் இருக்காது. இதை நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நான் வில் இழுப்பதை பிரேமாவிடம் செவ்வாயன்றே சொல்லியிருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போனில் கேட்டாள். "புடிச்சுதா?"

"இன்னைக்கும் புடிக்கல."

நவம்பர் 24, வெள்ளி

புகை வந்துவிட்டது.

காலையில், ஓடைக்கரையில், ஒரு பாறைக்கு அடியில் உட்கார்ந்து இழுத்தபோது. ஊதுவத்திப் புகை அளவுதான். கங்கு விழவில்லை, வெட்டில் சேர்ந்த தூள் காப்பித்தூள் நிறத்தில் நின்றுவிட்டது. ஆனாலும் புகை. நான் அழுதேன். மாசானம் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

உச்சிப்பொழுதுக்குள் லேஸ் அறுந்தது. மீதிப் பொழுதெல்லாம் வேட்டிக் கரையைக் கிழித்துக் கயிறு முறுக்கிக்கொண்டு ஷெட்டில் இருந்தேன்.

சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வயர்லெஸ் கரகரத்தது. மேல்பாறைக் காவலில் இருக்கும் ஆள். "கீழ ஓடைப்பக்கம் புகை தெரியுது. இப்பத்தான் மேகம் வெலகுச்சு. யாரும் மூட்டியிருக்கியளா?"

மாசானம் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்கதான?"

"ஆமா. நாந்தான்" என்றேன்.

"நம்ம அண்ணாச்சிதான் மூட்டுதாரு. நீங்க மேக்கத்தி பக்கம் பாருங்க" என்று மாசானம் மைக்கில் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. மேல்பாறை வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. காலையில் விட்ட புகை மேகத்துக்குள் தங்கியிருந்து சாயங்காலம் வெளியே வந்திருக்கும். மலையில் அப்படி நடக்கும்.

பிரேமாவிடம் புகை வந்ததைச் சொன்னேன். "தீ?" என்று கேட்டாள். இன்னும் புடிக்கல என்றேன்.

நவம்பர் 25, சனி

காய்ச்சல். உள்ளங்கை இரண்டும் கொப்புளம் உடைந்து சதை தெரிகிறது. ரேஞ்சர் மேடம் மருந்து போட்டுக் கட்டி, இன்றைக்கு வில்லைத் தொட்டால் கீழே அனுப்பிவிடுவேன் என்றார். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். ஒன்றும் செய்யவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, அவள் குழந்தையாக இருந்தபோது மில்லில் மரத்தூள் குவியலுக்குள் கழுத்து வரை புதைந்து உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தூள் எப்போதும் கதகதப்பாக இருக்கும்.

சாயங்காலம் மாசானம் கஞ்சி கொண்டுவந்தார். "மேல்பாறைல சொல்லுதானுவ, அண்ணாச்சி இன்னைக்கும் விடல போலுக்கேன்னு. ஒங்க புகைக்கு அண்ணாச்சி புகைன்னே பேரு வச்சிட்டானுவ." அவர் காலையிலிருந்து ரேஷன் தூக்கக் கீழே போயிருந்தார். நான் எழுந்திருக்கவே இல்லை என்று அவருக்குத் தெரியாது.

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. மகளைக் காணாமல் போட்டுவிட்டு ஒருவன் பகலெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான் என்று மேல்பாறை வரைக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். விடாமல் முயற்சி செய்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்வது பிடித்திருந்தது. பனிப்படலத்தைப் பார்த்திருப்பார்கள். இந்த மலையில் எதுதான் புகை மாதிரி இல்லை?

நவம்பர் 26, ஞாயிறு

திருக்கார்த்திகை. பிரேமா காலையிலேயே கூப்பிட்டாள்.

"விளக்கு வைக்கவா, வேண்டாமா? எல்லாரும் வாசல்ல வச்சிருவாவ. நம்ம வீடு மட்டும் இருட்டா கெடந்தா ஊரே முடிவு பண்ணிரும்."

"வையி. வாசல் பூரா வையி" என்றேன்.

காய்ச்சல் விட்டதும் ஓடைக்கரைக்குப் போய்விட்டேன். கைக்கட்டோடே இழுத்தேன். வேட்டிக் கயிறு நன்றாகப் பிடிக்கிறது, லேஸ் மாதிரி வழுக்கவில்லை. இன்றைக்கு வந்த மாதிரிப் புகை எந்த நாளும் வந்ததில்லை. கண் எரிந்தது. மேகமும் இல்லை, வானம் கழுவிவிட்டது போல இருந்தது. மேல்பாறையில் நிற்கிறவனின் சட்டை நிறம் கூட எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் வயர்லெஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் என் புகையைப் பற்றிப் பேசவில்லை. நானே மாசானத்தைக் கேட்கச் சொன்னேன்.

"இன்னைக்கு ஒண்ணும் தெரியலையே. அண்ணாச்சிக்கு லீவா?" என்று பதில் வந்தது.

மாசானம் மைக்கைக் கையில் பிடித்தபடியே ரொம்ப நேரம் நின்றார். எனக்குக் கோபம் வந்தது. உயிரைக் கொடுத்து இழுத்த நாளில் ஒருவன் கண்ணிலும் படவில்லை. இவ்வளவு தெளிவான நாளில் தெரியாதது, மேகம் மூடிய நாளில் எப்படித்

நவம்பர் 27, திங்கள்

மாசானமும் ரேஞ்சர் மேடமும் விடியும் முன்பே ஓடையோடு மேலே போனார்கள். நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

நவம்பர் 28, செவ்வாய்

நேற்று மதியம் கண்டுபிடித்தார்கள்.

ஓடை முகாமுக்கு மேலே திரும்புகிற இடத்தில், பக்கவாட்டில் ஒரு பாறை இடுக்கு. மழை படாத இடம். நான் உட்கார்ந்து இழுத்த பாறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஓடைச் சத்தம் இல்லாவிட்டால் கேட்டிருக்கும். கணுக்கால் உடைந்திருந்தது. சால்வை கிடந்த மேற்குச் சரிவிலிருந்து அந்தக் காலோடு தண்ணீர்ச் சத்தத்தைத் தேடி ஊர்ந்து வந்திருக்கிறாள்.

சனிக்கிழமை ராத்திரியோ ஞாயிறு காலையோ உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் திரும்பக் கேட்கவில்லை. அவராகவே இன்னொரு தடவை சொன்னார்.

நவம்பர் 29, புதன்

செங்கோட்டை. சுடுகாட்டில் தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். கைக்கட்டைப் பார்த்துவிட்டு மைத்துனன் தான் உரசித் தரவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். முதல் குச்சியிலேயே பிடித்துக்கொண்டது.

நவம்பர் 30

டிசம்பர் 1

டிசம்பர் 2, சனி

மாசானம் வந்தார். யூனிஃபார்ம் இல்லாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, ஒரு துணிப்பையை என் முன்னால் வைத்தார். "போலீஸ்ல பார்த்து முடிச்சிட்டாவ. பாப்பாவுக்குள்ளது. ஒங்ககிட்டதான இருக்கணும்."

ஒரு வில். ஒரு லேஸ், அவளுடைய ஷூவில் இருந்த பருத்தி லேஸ். பாட்டில் மூடி, உள்பக்கம் தேய்ந்து கறுத்திருந்தது. கோலின் தலைக்கு அதைத்தான் வைத்து அழுத்தியிருக்கிறாள், கல்லை விட நல்ல யோசனை. பிறகு கோலும் பலகையும். பலகையில் வரிசையாக மூன்று குழிகள், ஒவ்வொன்றிலும் ஒழுங்கான வெட்டு, விளிம்பெல்லாம் கரி.

நகத்தால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. மட்டி. கோலும் மட்டி. மொட்டைமாடியில் சொன்னது இப்போது முழுதாக ஞாபகம் வந்துவிட்டது. "ஒங்க மில்லுல விடமாட்டியளே அந்த மரம்தான்ப்பா இதுக்கு நல்லது."

அங்கேயே, கூடத்துத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். கோலை லேஸில் சுற்றினேன். வில்லை இழுத்தேன். கீச்சுச் சத்தமே இல்லை. மாவு சலிக்கிற மாதிரி மெதுவாக ஓடியது. ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் கூட ஆகவில்லை. வெட்டில் கறுப்புத் தூள் சேர்ந்தது, நான் நிறுத்திய பிறகும் புகைந்துகொண்டே இருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. கங்கு. அவள் கொடுத்துவிட்டுப் போன கங்கு. எனக்கு அதை ஊதத் தோன்றவில்லை. அது தானாகக் கறுத்து அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேமா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு மாசானத்திடம் கேட்டாள்.

"தீ மூட்டிருக்கான்னா, சாம்பல் கெடந்துச்சா அங்க?"

"கெடந்துச்சு அக்கா. நெறையவே கெடந்துச்சு. பச்சத் தழையெல்லாம் பாதி கருகிக் கெடந்துச்சு."

"பச்சத் தழைய எதுக்குப் போட்டா?"

மாசானம் தரையைப் பார்த்தார். "புகை வரணும்னுதான் அக்கா. ஆளு பாக்கணும்னு."

"மேல பாறையில ஆளு இருந்தாவன்னு இவிய சொன்னாவளே. ஒருத்தர் கண்ணுலயுமா படல?"

"மழைக்காலம்லா அக்கா. ஒரே மேகம். எங்கிட்டுத் தெரியும்" என்றார் மாசானம். என்னைப் பார்க்காமலேயே சொன்னார். எனக்காகப் பொய் சொன்னார். வாய் திறக்காமல் இருந்தால் அந்தப் பொய் அப்படியே நின்றிருக்கும். சனிக்கிழமையும் நான் வாய் திறக்காமல்தான் இருந்தேன்.

"தெரிஞ்சுது பிரேமா" என்றேன். "வெள்ளிக்கிழமையும் தெரிஞ்சுது, சனிக்கிழமையும் தெரிஞ்சுது. வயர்லெஸ்ல கேட்டாவ. நாந்தான்னு சொல்லிட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிட்டே வந்து உட்கார்ந்து, பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கரிந்த குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"தெனமும் போன்ல நான் கேட்டேன்லா" என்றாள். "ஒங்களுக்குத்தான் புடிக்கவே இல்லையே."